அலறுவது அந்த உருவம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் எக்ஸ்பிரஷனிசம் (கண்ணில் படுவதைவிட உள்ளத்து உணர்ச்சியை முன்வைக்கும் ஓவியப் பாணி) பற்றி அரைப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் ஓவியத்துக்கு அரைப்பக்கம் கிடைப்பது குறிஞ்சி பூப்பது மாதிரி. அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு படவிளக்கமும் இரண்டு கருத்துகளும் தவறு. படவிளக்கத்தை நாலு வரியில் திருத்திவிடலாம். கருத்துகளுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்தருளுங்கள்.

‘அலறல்’ படத்தின் கீழே “ஜெர்மானிய ஓவியம், கேன்வாஸில் எண்ணெய் வண்ணம்” என்று போட்டிருந்தீர்கள். எட்வர்ட் முங்க் நார்வேக்காரர். நீங்கள் அச்சிட்ட 1893ஆம் ஆண்டுப் படம் ஆஸ்லோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கேன்வாஸே இல்லை, வெறும் அட்டை. அதன் மேல் எண்ணெய் வண்ணம், டெம்பரா என்னும் நீர் கலந்த வண்ணம், பாஸ்டல் என்னும் வண்ணக்குச்சி மூன்றும் கலந்து போட்டிருக்கிறார். படத்தில் இருப்பவர் அலறுகிறார் என்று கட்டுரையாளர் எழுதியதும் சரியில்லை. இயற்கையினூடே ஒரு பேரலறல் போவதைத் தான் உணர்ந்ததாக முங்க்கே எழுதிவைத்திருக்கிறார். அந்த உருவம் அதைத் தாங்கமாட்டாமல் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

இனி முதல் கருத்து. “மனதில் தோன்றியதைத் தோன்றிய வேகத்தில், விதி எதுவும் பார்க்காமல் தீட்டுவதே எக்ஸ்பிரஷனிசம். அதனால் குழந்தைகளுக்கு இது மிகவும் ஏற்றது” என்கிறது கட்டுரை. இந்த மும்பையில் எலிமென்டரி, இன்டர்மீடியட் கிரேடு ஓவியப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இதைப் படித்த பெற்றோர், “கோடு ஏன் நேராக வர வேண்டும், இதுவும் ஒரு இசம்தானே” என்று கேட்டால் ஓவிய வாத்தியார் என்ன பதில் சொல்வார்? வேகமாகப் போட்ட மாதிரி தெரிவது வேறு, வேகமாகப் போட்டது வேறு.

அந்த ‘அலறல்’ ஒன்றையே எடுத்துக்கொள்வோம். முங்க் அதை வண்ணத்தில் 4 முறை செய்தார்: 1893இல் இரண்டு, 1895இல் ஒன்று, 1910இல் ஒன்று. இது போக 1895இல் கல்லச்சில் ஒரு கருப்புவெள்ளைப் பிரதி. மனம் பொங்கி வழிந்த ஒரு கணம் பதினேழு வருடம் நீடிக்குமா? ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ‘காம்பொசிஷன் 7’ 1913 நவம்பரில் 4 நாளில் தீட்டி முடிக்கப்பட்டது என்பது உண்மைதான். அதற்கு முன் அவர் போட்டுப் பார்த்த முன்வரைவுகள் முப்பதுக்கு மேல். ஜெர்மன் ஓவியர் கிர்ஷ்னரின் ‘தெரு, டிரெஸ்டன்’ 1908இல் தீட்டியது. 1919இல் அதையே மறுபடி எடுத்துத் திருத்தினார். போதாக்குறைக்குப் படத்தின் மேல் 1907 என்று ஒரு வருடம் முன்தள்ளித் தேதி போட்டார். தான்தான் முதலில் செய்தோம் என்று காட்டிக்கொள்ளும் ஆசை அவருக்கு நிறையவே இருந்தது.

கட்டுரையில் விட்டுப்போன பெரிய விஷயம் மரம், அதாவது மரப்பலகையில் வெட்டி மை பூசி அச்சிடும் மரவெட்டுப் படம். 1905 ஜூன் 7 அன்று டிரெஸ்டனில் ‘பாலம்’ என்ற பொருளில் ‘டை ப்ரூக்கெ’ குழுவைத் தொடங்கிய கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ராட்லுஃப், பிளைல் நால்வரும் கட்டடக்கலை மாணவர்கள். ஓவியப் பள்ளியில் முறையாகத் தேறி வந்தவர்கள் இல்லை. காலியான ஒரு செருப்புத் தைக்கும் கடைதான் பட்டறை. 1906இல் முதல் பெரிய காட்சி வைத்த இடம் ஒரு விளக்குத் தொழிற்சாலை. (தாராவிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) அதே ஆண்டு தங்கள் கொள்கை அறிக்கையைக்கூட கிர்ஷ்னர் மரப்பலகையில் எழுத்தெழுத்தாகச் செதுக்கித்தான் அச்சிட்டார். சந்தா கட்டி ஆதரித்தவர்களுக்கு ஆண்டுதோறும் அச்சுப்படங்கள் அடங்கிய ஒரு தொகுப்பு போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய ஓவியத்தில் நாம் பார்க்கும் கூர்மூக்கும் முக்கோண முகமும் வெட்டுவெட்டான நிழலும் தூரிகையில் பிறந்தவை அல்ல, கத்தியில் பிறந்தவை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு பலகையை வெட்டிப் பார்த்தால் ஒரே நாளில் புரிந்துவிடும். அதனால் முறையைச் சொல்லிவிடுகிறோம்.

6 மி.மீ. பிளைவுட்டில் 20க்கு 30 செ.மீ. அளவு போதும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், அதில் மரத்தின் நரம்பு கிடையாது, இந்த வேலையின் பாதி ருசியே அந்த நரம்பில்தான். மேலே ஒட்டிய மரத் தாள் தடிமனாக உள்ள பலகையாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு ரகத்தில் அது காகிதம் மாதிரி இருக்கும், கத்தி பட்டதும் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். வெட்டுவதற்கு முன் ஷெல்லாக்கை மெல்லியதாக ஒரு பூச்சு பூசிக் காயவிட்டால் ஜூலை மாதத்து ஈரத்தில் பலகை உப்பாது. படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டுப் பலகையில் இறக்குங்கள். அச்சில் எல்லாம் இடவலம் மாறும். பெயர் செதுக்க ஆசைப்படுபவர்கள் ‘ட’வில் தப்பித்துவிடுவார்கள், ‘ழ’வில் மாட்டிக்கொள்வார்கள்.

வெட்டும்போது கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்கக் கூடாது. மிஞ்ச வேண்டிய கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெளிநோக்கிச் சாய்வாக வெட்ட வேண்டும். கோடு மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் வரப்பு மாதிரி நிற்கும். கத்தி உள்பக்கம் சாய்ந்துவிட்டால் கோட்டின் அடி மெலிந்துபோகும், நாலாவது அச்சில் அது உடைந்து வெள்ளையாகிவிடும். நரம்பு போகும் திசையில் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடும். குறுக்கே முரண்டு பிடிக்கும். ஒரு கோடு எங்கே முடிய வேண்டுமோ அங்கே முதலில் குறுக்காக ஒரு நிறுத்தக் கீறல் போட்டுவிட்டுப் பிறகு தோண்டினால் மரம் அந்த இடத்தோடு நிற்கும். இல்லாவிட்டால் நீங்கள் நினைத்த மூக்கு நுனியைத் தாண்டிக் கன்னம்வரை பிளந்துகொண்டு போய்விடும். பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். இந்த வேலையில் வரும் காயங்கள் பெரும்பாலும் இதை மறந்ததால் வருபவை.

வளைவு வெட்டும்போதுதான் கிர்ஷ்னர் புரிய ஆரம்பிப்பார். வட்டமான ஒரு கன்னத்தைப் பலகையில் வெட்டிப் பாருங்கள். நரம்போடு போகும்போது நீளும், குறுக்கே வரும்போது ஒடியும். நாலு நேர்வெட்டுகளாகப் போட்டுவிட்டால் சுலபம். வட்ட முகம் கோண முகமானது அப்படித்தான். அதே கையோடு அவர் தூரிகைக்குத் திரும்பினார். 1913க்கும் 1915க்கும் இடையில் தீட்டிய பெர்லின் தெருக்காட்சிகளில் பெண்களின் மேலங்கியிலும் கழுத்துப் பட்டியிலும் இறகு இறகாகச் சாய்கோடுகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். கத்தி பழகிய கையின் தடம் அது.

மை பூசுவதுதான் அடுத்த கண்டம். எண்ணெய் மை இந்த அளவுப் பலகைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும். கண்ணாடித் துண்டில் வைத்து ரப்பர் ரோலரால் எல்லாத் திசையிலும் உருட்டுங்கள். சர்ர் என்று மெல்லிய ஓசை வந்தால் பதம் சரி. சப்சப்பென்று ஒட்டிக்கொண்டு எழுந்தால் மை அதிகம், அது நுணுக்கமான வெட்டுகளுக்குள் இறங்கி அடைத்துவிடும். மெல்லிய கைத்தாளை மேலே விரித்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளுத்த இடத்தில் மறுபடி தேய்க்கலாம். முதல் இரண்டு மூன்று பிரதிகள் சோகையாகத்தான் வரும், மரம் மையைக் குடிக்கும். பலகை கெட்டுவிட்டது என்று பயந்து மையைக் கூட்டாதீர்கள். நீர் மை மே மாதத்தில் தாள் விரிப்பதற்குள் காய்ந்துவிடும். எண்ணெய் மை மழைக்காலத்தில் காய ஒரு வாரம்கூட ஆகும், அதுவரை கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், அடுக்கிவைக்காதீர்கள். ரோலரையும் கண்ணாடியையும் முதலில் சமையல் எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு போட்டால் போதும்.

முங்க் இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். பல வண்ணத்துக்குப் பல பலகை வெட்டாமல், ஒரே பலகையை மெல்லிய ரம்பத்தால் உருவத்தை ஒட்டி அறுத்துத் துண்டுகளாக்கினார். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி வண்ணம் பூசி, மறுபடி பொருத்தி ஒரே தடவையில் அச்சிட்டார். துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும். 1899இல் வந்த ‘தனித்தவர்கள்’ படத்தில் கடற்கரையில் நிற்கும் பெண்ணைச் சுற்றி ஓடும் அந்த வெள்ளைக் கோடு அவளை ஆணிடமிருந்து பிரித்துவைக்கிறது. குறை என்று மற்றவர்கள் மறைத்திருப்பார்கள், அவர் அதையே படத்தின் பொருளாக்கிவிட்டார்.

வண்ணத்துக்கு வருவோம். பச்சை முகம், இளஞ்சிவப்புத் தெரு, நீலக் குதிரை. நிறம் பொய்யாக இருந்தும் முகம் முகமாகத் தெரிவது எப்படி? நிறத்தை மாற்றினாலும் வெளிச்ச அளவைப் பெரும்பாலும் மாற்றாததால்தான். நெற்றியில் வெயில் படும் இடம் எவ்வளவு வெளிச்சமோ அதே அளவு வெளிச்சமான எலுமிச்சை மஞ்சளைப் போடலாம். தாடையின் நிழலுக்கு அதே அளவு இருண்ட ஊதாவைப் போடலாம். கண் ஏற்றுக்கொள்ளும். சோதிக்க வழி எளிது: படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கருப்புவெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் முகம் உருண்டு தெரிந்தால் நிறத்தில் உங்களுக்கு முழுச் சுதந்திரம். சாம்பல் களியாகத் தெரிந்தால், எத்தனை ஆவேசமாகத் தூரிகையை வீசியிருந்தாலும் படம் விழுந்துவிட்டது என்று பொருள்.

மாணவர்களின் படங்களில் வழக்கமாகக் காணும் கோளாறு இன்னொன்று. பெட்டியில் இருக்கும் பன்னிரண்டு வண்ணத்தையும் டியூபில் இருந்தபடியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. எல்லோரும் கத்தினால் யார் பேச்சும் கேட்காது, தாதர் பாலத்துக்குக் கீழே காய்கறி விற்கும் நேரம் மாதிரி. டிரெஸ்டன்காரர்கள் ஒரு படத்தில் நாலைந்து வண்ணத்துக்கு மேல் பெரிதாகப் பேசவிட மாட்டார்கள். பெரிய பரப்பு ஒன்று, அதற்கு எதிர்நிறம் சிறிய பரப்பில், நடுவே கருப்போ கருநீலமோ வரம்பு கட்டும். ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம், விரிடியன் பச்சை, வெள்ளை, கருப்பு என ஆறு டியூப் வாங்கினால் பள்ளி முடியும்வரை போதும். நிழலுக்குக் கருப்பைக் கலக்காமல் எதிர்நிறத்தைக் கலந்து பழகட்டும்.

கிர்ஷ்னர் தன் எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்தார், மெழுகும் சேர்த்தார். அப்படிச் செய்தால் வண்ணம் சீக்கிரம் காயும், பளபளப்பில்லாமல் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக நிற்கும். அந்த மங்கல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பிற்காலத்தில் வியாபாரிகளும் செப்பனிடுபவர்களும் பழக்கதோஷத்தில் இந்தக் குழுவின் படங்கள் பலவற்றுக்கு வார்னிஷ் அடித்துவிட்டார்கள். வார்னிஷ் இறங்கியதும் நிறம் கறுத்து, விளக்கொளி பட்டு மின்னும். ஒருமுறை ஊறிவிட்டால் திரும்ப எடுப்பது கடினம், கீழே இருப்பதே மெழுகும் பெட்ரோலில் கரைந்த வண்ணமும்தானே. வீட்டில் யாரும் வண்டிப் பெட்ரோலை முயன்று பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும், ஆவி நெஞ்சுக்கு ஆகாது. டர்பன்டைனில் மெல்லக் கரைத்து, எண்ணெயை உறிஞ்சும் சாக் பூச்சுள்ள அட்டையில் போட்டால் ஏறக்குறைய அதே மங்கல் கிடைக்கும். சன்னலைத் திறந்துவையுங்கள்.

மும்பை வாசகர்களுக்காக ஒரு சிறு திசைமாற்றம். முங்க் அருங்காட்சியகத்தில் உள்ள 1910ஆம் ஆண்டு ‘அலறல்’ 2004இல் திருடுபோய் 2006இல் மீட்கப்பட்டது. அதன் மஞ்சள் வெளுத்து உதிர்வதை ஆராய்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு, வெளிச்சத்தைவிடக் காற்றின் ஈரமே முதல் எதிரி என்பது. காட்மியம் மஞ்சள் ஈரத்தில் சிதைகிறது. காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இங்கே மழைக்காலத்தில் 80ஐத் தாண்டுவது அன்றாடம். நம் வீட்டுச் சுவரில் முங்க் தொங்கவில்லைதான். ஆனாலும் எண்ணெய் வண்ணப் படம் எதுவாக இருந்தாலும் மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போக வழி விடுங்கள். முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பரவும். முதலில் நன்றாக உலரவிட்டு, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மிருதுவான தூரிகையால் தட்டுங்கள்.

மியூனிக்கில் 1911இல் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் தொடங்கிய ‘நீலக் குதிரைவீரன்’ வட்டத்தைக் கட்டுரை நன்றாகவே சொன்னது, அதை நீட்டவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கலாம். அந்த வட்டத்தின் கப்ரியேலே முன்டர் மலையடிவார ஊரான முர்னாவில் கண்ணாடியின் பின்புறம் தீட்டும் நாட்டுப்புறக் கலையை உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடம் கற்றார். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் வைத்திருக்கும் வீடுகளுக்கு அந்த முறை தெரியும்: வரம்புக் கோடும் கண்ணும் நகையும் முதலில், முகமும் உடையும் பிறகு, பின்னணி கடைசியில். தவறாகப் போட்டதை மேலே பூசித் திருத்த முடியாது, ஏனென்றால் முதலில் போட்டதுதான் முன்னால் நிற்கும். ஆகவே தட்டையான வண்ணம், தடித்த கருங்கோடு. முன்டரின் எண்ணெய் வண்ண நிலக்காட்சிகளிலும் அதே தட்டை, அதே கோடு. தன்னிச்சையாகப் பொங்கியது என்று நாம் நினைப்பதன் பின்னால் இப்படி ஒரு கைத்தொழில் இருக்கும்.

இரண்டாவது கருத்துதான் மும்பையில் இருந்துகொண்டு படிக்கும்போது அதிகம் உறுத்தியது. “ஐரோப்பாவில் பிறந்து, சுதந்திரத்துக்குப் பின் நம் ஓவியர்கள் நகலெடுத்த சரக்கு” என்கிறார் கட்டுரையாளர். சரக்கு முதலில் போனது இங்கிருந்து.

பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளி ஆசிரியர் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை தன் மாணவர்களை அழைத்துப்போய் அஜந்தா சுவரோவியங்களைப் பிரதியெடுத்தார். பெஸ்தன்ஜி பொமன்ஜி போன்றவர்கள் அந்தக் குகைகளில் உட்கார்ந்து வரைந்தவர்கள். பிரதிகள் லண்டன் போயின, அங்கே தீ விபத்தில் ஒரு பகுதி நாசமானது. எஞ்சியவற்றை வைத்து 1896-97இல் இரண்டு பெரிய தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. அந்தப் புத்தகம் டிரெஸ்டனில் கிர்ஷ்னர் கையில் கிடைத்தது. அவர் அதிலிருந்து உருவங்களை எடுத்து வரைந்து பழகினார். 1911இல் தீட்டிய ‘ஏரியில் ஐந்து குளியலாளர்கள்’ படத்தில் உடல்கள் திடீரென்று திரண்டு உருண்டு, இடுப்பு ஒடித்து நிற்பது அங்கிருந்து வந்தது. ஜே.ஜே. பள்ளியின் பழைய மாணவர்கள் குகை இருட்டில் எடுத்த பிரதி, ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசத்தின் ஒரு திருப்பத்துக்குக் காரணமாகியிருக்கிறது. ‘நகல்’ என்ற சொல்லைக் கட்டுரையாளர் விரும்பினால் இந்தப் பக்கமும் அதைப் பயன்படுத்தட்டும்.

திரும்பி வந்த வழியும் நேர்வழி இல்லை. கல்கத்தாவில் 1922 டிசம்பரில் காண்டின்ஸ்கி, கிளே முதலான ஐரோப்பிய ஓவியர்களின் படங்கள் காட்சிக்கு வந்தன. 1930இல் தாகூர் தன் ஓவியங்களைப் பெர்லினில் காட்டினார். பம்பாய்க்கு வந்ததோ படங்கள் அல்ல, ஆட்கள். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் பெர்லினில் பிறந்த நிலவியல் அறிஞர் ரூடி வான் லைடன் இங்கே வந்தார். ஆஸ்திரிய ஓவியர் வால்டர் லாங்ஹாமர் அந்தப் பத்தாண்டின் கடைசியில் யூதரான மனைவியோடு வந்து ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் கலை இயக்குநரானார். வியன்னாவிலிருந்து வந்த இமானுவேல் ஷ்லெசிங்கர் மருந்துத் தொழில் நடத்தினார், படங்களை விலைகொடுத்து வாங்கினார். ஒருவர் தீட்டிக் காட்டினார், ஒருவர் பத்திரிகையில் எழுதினார், ஒருவர் பணம் கொடுத்தார். ஓர் இயக்கத்துக்கு இந்த மூன்றும் வேண்டும். கொள்கையை மட்டும் பேசும் கட்டுரைகள் மூன்றாவது ஆளை மறந்துவிடுகின்றன.

அவர்கள் விட்டுவந்த ஊரில் என்ன நடந்தது என்பதைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. 1937 ஜூலை 19 அன்று மியூனிக்கில் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று பெயரிட்டு ஒரு காட்சி திறந்தார்கள். 112 கலைஞர்களின் சுமார் 650 படைப்புகளைக் கோணல்மாணலாகத் தொங்கவிட்டு, சுவரெல்லாம் ஏளன வாசகம் எழுதிவைத்தார்கள். அங்கே மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் கூட்டம் வந்தது. அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதலான கிர்ஷ்னரின் படைப்புகள் 639. மறு ஆண்டு ஜூனில் அவர் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் தன்னைச் சுட்டுக்கொண்டார். இன்னொரு எக்ஸ்பிரஷனிச ஓவியரான எமில் நோல்டேயின் படைப்புகள் ஆயிரத்துக்கு மேல் பறிபோயின, இத்தனைக்கும் அவர் நாஜி ஆதரவாளர். உணர்ச்சியை வெளியிட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று கட்டுரை காட்டும் சித்திரத்தில் நோல்டேக்கு இடம் இல்லை, ஆனால் வரலாற்றில் அவர் இருக்கிறார். தாகூர் பெர்லினில் விட்டுவந்த படங்கள் சிலவும் அந்தப் பறிமுதலில் அகப்பட்டன.

1947இல் பம்பாயில் சூசா, ரசா, ஹுசேன், ஆரா, காடே, பாக்ரே அறுவரும் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கியபோது அந்த அகதிகளின் ஆதரவு அவர்களுக்கு இருந்தது. ஆரா வீட்டுவேலை செய்து பிழைத்தவர், பள்ளியில் ஓவியம் பயிலாதவர். சூசா ஜே.ஜே. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். 1948இல் சூசாவும் ஹுசேனும் டில்லிக்குப் போய் இந்தியச் சிற்பங்களின் பெரிய காட்சி ஒன்றைப் பார்த்தார்கள். அதன் பின் ஹுசேனின் உருவங்களில் மதுரா சிற்பத்தின் உடற்கட்டு ஏறியதைக் கண்ணால் தொடரலாம். சூசாவின் முகங்களில் கண் நெற்றிக்கு ஏறியிருக்கும், பல் வேலி மாதிரி நிற்கும். சுற்றியுள்ள கருங்கோட்டில் கோவா தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடியை இணைக்கும் ஈயப் பட்டை தெரியும். இதை நகல் என்றால் சாம்பாரில் போட்ட மிளகாயையும் போர்ச்சுகீசிய நகல் என்று சொல்லிவிடலாம்.

கருப்புவெள்ளைக் கிளை ஒன்றும் இங்கே தழைத்தது. முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1921-22இல் செதுக்கிய ‘போர்’ என்னும் 7 மரவெட்டுப் படங்களில் துப்பாக்கியும் இல்லை, களமும் இல்லை. அவற்றில் ஒன்றில் தாய்மார்கள் பிள்ளைகளைச் சுற்றி வளையமாகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 1943 வங்கப் பஞ்சத்தை நடந்து நடந்து வரைந்த ஓவியர் சித்தபிரசாத், பிறகு பம்பாயில் அந்தேரியில் பல்லாண்டு வாழ்ந்து லினோலியம் தகட்டில் வெட்டிய படங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழ் வாசகருக்கு இந்தக் கண் புதிதில்லை. ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டிப் பேனாவால் போட்ட காந்தி முகங்களும், சிற்றிதழ்களுக்கும் கி.ரா.வின் கரிசல் எழுத்துக்கும் போட்ட கீறல் கோடுகளும் எத்தனையோ வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அவர் கிர்ஷ்னரைப் பார்த்து வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. கருப்பு மையை மட்டும் வைத்து ஒரு முகத்தைக் கட்டுவது எப்படி என்று தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அவர் ஏற்கெனவே காட்டிவிட்டார் என்கிறோம்.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கிக் காலா கோடாவுக்கு நடக்கலாம். சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்னும் அருங்காட்சியகத்துக்குள் ஜெஹாங்கீர் நிக்கல்சன் சேகரிப்புக்குத் தனிக் கூடம் இருக்கிறது. சூசா, ஆரா, தையப் மேத்தா போன்றவர்கள் அந்தச் சேகரிப்பில் உண்டு. படங்களை மாற்றி மாற்றி வைப்பார்கள், ஆகவே இன்னார் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். எதிரே சிறிது தூரத்தில் தேசிய நவீன ஓவியக் கூடம், திங்கள் விடுமுறை. போனால் படத்துக்கு நேரே நின்று பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நின்று, விளக்கொளி சாய்வாக விழும்படி பாருங்கள். வண்ணம் எங்கே கத்தியால் அப்பியது, எங்கே துணியால் துடைத்தது, எந்தக் கோடு கடைசியில் வந்தது என்பது அந்தக் கோணத்தில்தான் தெரியும். செய்தித்தாள் படத்திலும் கைப்பேசியிலும் இது கிடைக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்ணப் படங்களை அச்சிட்டு நிறம் பிசகுவதைவிட, அடுத்த முறை ஒரு மரவெட்டுப் படத்தைப் பெரிய அளவில், இடையில் சாம்பல் நிறம் சேர்க்காமல் வெறும் கருப்பில் போடுங்கள். அந்தக் காலத்து அச்சகங்களில் ‘பிளாக்’ எடுத்து அடித்த மாதிரி பளிச்சென்று வரும். படவிளக்கத்தில் ஓவியர் பெயரோடு ஆண்டு, பொருள், இப்போது இருக்கும் இடம் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். சென்ற வாரத்துப் படத்துக்கான திருத்தம் இது: எட்வர்ட் முங்க், ‘அலறல்’, 1893, அட்டையில் எண்ணெய் வண்ணம், டெம்பரா, பாஸ்டல், தேசிய அருங்காட்சியகம், ஆஸ்லோ.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் இருவர்,
மாட்டுங்கா, மும்பை.